டெபியன் 13: சண்டை போட்டுப் போட்டே உருவான இயங்குதளம்

டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை மடிக்கணினியில் ஏற்றிய முதல் வாரம், வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க டிஎஃப் கட்டளை கொடுத்தேன். டெம்ப் அடைவுக்கு எதிரே டெம்ப்எஃப்எஸ் என்று வந்தது. அதாவது தற்காலிகக் கோப்புகள் இனி வட்டில் இல்லை, நினைவகத்தில். ராமில் பாதி வரைக்கும் அது எடுத்துக்கொள்ளலாம். புதிதாக நிறுவிய கணினி என்றால் அங்கே பத்து நாளாக யாரும் தொடாத கோப்பு தானாகவே அழிந்துவிடும், வார் அடைவுக்குள் இருக்கும் இன்னொரு டெம்ப்பில் முப்பது நாள். மறுபடி பூட் பண்ணும் வரைக்கும் டெம்ப்பில் போட்டது போட்டபடி கிடக்கும் என்ற நம்பிக்கையில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்து பழகியவன் நான், இதை யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று தேடிப் போனேன்.

தேடினால் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு டெபியனில் முதலில் பிடித்த விஷயம். 2024-இல், கணினியின் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி என்ற நிரலின் பேக்கேஜை (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளை) டெபியனில் பராமரிக்கிறவர்கள் இந்த மாற்றத்தை முன்வைத்தபோது எத்தனையோ பேர் எதிர்த்திருக்கிறார்கள். சிஸ்டம்டியை எழுதியவர்கள் வைத்த டிஃபால்ட் இதுதான், மற்ற டிஸ்ட்ரோக்களும், அதாவது மற்ற லினக்ஸ் தொகுப்புகளும், இப்படித்தான் செய்கின்றன, நாம் மட்டும் ஏன் விலகி நிற்க வேண்டும் என்பது ஒரு பக்கம். வாரக்கணக்கில் ஓடும் கணக்கீடுகள் எழுதி வைத்த கோப்பைக் கேட்காமல் அழிக்க நமக்கு என்ன உரிமை என்பது இன்னொரு பக்கம். கடைசியில், பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தி வருகிற கணினிகளில் இந்த அழிப்பு வேலை செய்யாது, புதிதாக நிறுவுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று முடிவானது. இரண்டு பக்கமும் முழுதாக ஜெயிக்கவில்லை. ஆனால் என் கணினி இன்று ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கான காரணம் எழுத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

டிஸ்ட்ரோ விமர்சனம் என்றால் வழக்கமாக வரும் தகவல்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 9-இல் வெளியானது, பெயர் டிரிக்ஸி. இயங்குதளத்தின் மையமான கெர்னல் 6.12, டெஸ்க்டாப்புக்கு க்னோம் 48, கேடிஇ பிளாஸ்மா 6.3. பேக்கேஜ்கள் கிட்டத்தட்ட 70,000. ரிஸ்க்-ஃபைவ் 64 பிட் செயலிக் கட்டமைப்பு முதல்முறையாக அதிகாரபூர்வமாகச் சேர்ந்திருக்கிறது. 32 பிட் இன்டெல் கணினிகளுக்கு இனி இன்ஸ்டாலரும் கெர்னலும் கிடையாது. நிறுவுவது சுலபம், ஓடுவது அமைதி. சரி, அது போதும்.

நான் எழுத நினைத்தது வேறு. டெபியனைப் பயன்படுத்துகிறோம் என்றால் உண்மையில் எதைப் பயன்படுத்துகிறோம்? கெர்னலை லினஸ் டோர்வால்ட்ஸும் அவரோடு வேலை செய்கிறவர்களும் எழுதுகிறார்கள், க்னோமை க்னோம்காரர்கள், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சை ஓபன்பிஎஸ்டிகாரர்கள். டெபியன் ஆட்கள் இவர்கள் எழுதியதை எடுத்து, கட்டி, பொருத்தி, தேவைப்பட்டால் திருத்தி நமக்குத் தருகிறார்கள். திருத்தி என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாச் சண்டையும் இருக்கிறது. ஒரு மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் உரிமை எழுதியவருக்கா, கட்டித் தருகிறவருக்கா, பயன்படுத்துகிற நமக்கா? ஐயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் டெபியனைத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி தீரவில்லை. இடையில் நிற்கும் இந்த ஆள் எனக்கு நன்மை செய்கிறாரா, கெடுதல் செய்கிறாரா என்பதை வைத்துத்தான் நான் டெபியனுக்கு மதிப்பெண் போடுவேன்.

நான் வந்தது டெபியன் 7 காலத்தில். வந்த கொஞ்ச நாளில் சிஸ்டம்டி சண்டை வெடித்தது. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கணினி பூட் ஆனதும் கெர்னல் முதலில் எழுப்பிவிடும் ஒரு நிரல் உண்டு, அதுதான் மற்ற எல்லாச் சேவைகளையும் வரிசையாகத் தொடங்கி வைக்கும். டெபியனில் அது பல வருடங்களாகப் பழைய ஷெல் ஸ்கிரிப்ட்களின் தொகுப்பாக இருந்தது. 2010-இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டியை அறிமுகப்படுத்தினார்கள், 2011 மே மாதம் ஃபெடோரா 15 அதை டிஃபால்ட் ஆக்கியது. டெபியனிலிருந்து உருவான உபுண்டு பக்கம் இதே வேலைக்கு அப்ஸ்டார்ட் என்று ஒன்று வைத்திருந்தார்கள். டெபியன் எதை எடுப்பது?

இரண்டு பக்கமும் சொன்னதில் நியாயம் இருந்தது, அதை இப்போது நினைத்தாலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பழைய ஸ்கிரிப்ட் முறையில் ஒரு சேவை செத்துப்போனால் அதைக் கவனித்து மறுபடி எழுப்ப ஆளில்லை. எது எதற்கு முன்னால் தொடங்க வேண்டும் என்பதைக் கையால் ஒழுங்கு செய்ய வேண்டும். ஒவ்வொரு பேக்கேஜிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஐம்பது வரி ஸ்கிரிப்ட். சிஸ்டம்டி அதைப் பத்து வரியில் முடித்தது. எதிர்த்தவர்களின் கவலை வேறு. சேவைகளைத் தொடங்குவதோடு நிற்காமல் பதிவேடு, உள்நுழைவு, சாதன மேலாண்மை என்று ஒவ்வொன்றாக அதற்குள் போகிறது, பதிவேட்டைச் சாதாரண உரைக் கோப்பாக இல்லாமல் தனி வடிவத்தில் எழுதுகிறது, நாளைக்கு இதை விட்டு வெளியே வர நினைத்தால் கதவு இருக்குமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைப் பழமைவாதம் என்று ஒதுக்கியவர்கள் தவறு செய்தார்கள் என்றே நினைக்கிறேன்.

டெபியனின் தொழில்நுட்பக் குழுவில் எட்டுப் பேர். மாதக்கணக்கில் பேசி, 2014 பிப்ரவரியில் ஓட்டுப் போட்டால் நாலுக்கு நாலு. தலைவர் பிடேல் கார்பி தன் தீர்மான ஓட்டைச் சிஸ்டம்டிக்குப் போட்டார். ஒரே ஓட்டு. சில நாளில் உபுண்டுவும் அப்ஸ்டார்ட்டை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வருவதாக அதன் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் அறிவித்தார். அப்புறமும் அடங்கவில்லை. அதே வருடம் நவம்பரில் எல்லா உறுப்பினர்களும் ஓட்டுப் போட்டார்கள், இதற்கென்று ஒரு பொதுத் தீர்மானமே தேவையில்லை என்ற வாசகம் ஜெயித்தது. அந்தச் சில வாரங்களில் குழுவிலிருந்து ரஸ் ஆல்பெரி, காலின் வாட்சன், ஐயன் ஜாக்சன் விலகினார்கள். டெபியன் இன்ஸ்டாலரை உருவாக்கியதில் பெரும் பங்கு வகித்த ஜோயி ஹெஸ் டெபியனையே விட்டுப் போனார். சிஸ்டம்டி வேண்டாம் என்ற ஒரு கூட்டம் டெவுவான் என்று தனியாகப் பிரிந்து, 2017 மே மாதம் முதல் பதிப்பைக் கொண்டுவந்தது.

அந்த நாட்களில் நடந்ததைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. ஜோயி ஹெஸ் மாதிரி பதினெட்டு வருடம் உழைத்த ஒருவர் போகிறார் என்றால் அது சாதாரண இழப்பு இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: டெபியன் 8 வந்தபோது நான் மேம்படுத்தினேன், கணினி பூட் ஆனது, சேவைகள் எழுந்தன, பழைய ஸ்கிரிப்ட்களும் ஓடின. இவ்வளவு ரத்தம் சிந்திய மாற்றம் பயனாளரின் மேஜைக்கு வந்து சேர்ந்தபோது பத்து நிமிட வேலையாக இருந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் எவ்வளவு பேச்சு, எவ்வளவு சோதனை என்று நினைத்தால் மரியாதை வருகிறது. 2019-இல் மறுபடியும் ஓட்டு நடந்தது. சிஸ்டம்டிதான் முதன்மை, ஆனால் மாற்று வழிகளைத் தேடுகிறவர்களுக்கும் இடமுண்டு என்று முடிவு வந்தது.

இப்போது இடையில் நிற்கும் ஆள் நமக்கு உதவிய ஒரு கதை. 2016 மே மாதம் சிஸ்டம்டி 230 வந்தது. அதில் ஒரு டிஃபால்ட் மாறியிருந்தது: பயனாளர் வெளியேறினால் அவர் தொடங்கிய எல்லா வேலைகளும் கொல்லப்படும். சர்வரில் உள்நுழைந்து, டிமக்ஸிலோ ஸ்கிரீனிலோ நீளமான வேலை ஒன்றை ஓடவிட்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு, மறுநாள் வந்து பார்ப்பது நம்மில் பலருக்கு மூச்சு விடுவது மாதிரி. நோஹப் என்ற கட்டளையே அதற்காகத்தான் இருக்கிறது. வெளியேறிய பிறகும் குப்பையாக ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப் நிரல்களை ஒழிக்க வேறு ஒழுங்கான வழியில்லை, இருக்க வேண்டியவை எங்களிடம் சொல்லிவிட்டு இருக்கட்டும் என்று எழுதியவர்கள் வாதிட்டார்கள். முப்பது வருடமாக யூனிக்ஸில் செல்லுபடியாகிற வழக்கத்துக்கு இப்போது புதிதாக யாரிடம் அனுமதி கேட்பது என்று டிமக்ஸ் பக்கம் கேட்டார்கள். டெபியன் பேக்கேஜ் செய்கிறவர்கள் அந்த டிஃபால்ட்டை அணைத்துவிட்டுக் கட்டினார்கள். நான் ஒன்றுமே செய்யவில்லை, என் டிமக்ஸ் சாகவில்லை. எழுதியவர் சொன்னதை அப்படியே கடத்திவிடுகிற டிஸ்ட்ரோவாக இருந்தால் இது நடந்திருக்காது.

அதே காலத்தில் வழு, அதாவது நிரல் பிழை, என்றால் என்ன என்பதிலேயே சண்டை. சேவைக் கோப்பில் பயனாளர் பெயர் எண்ணில் தொடங்கினால் சிஸ்டம்டி அந்தப் பெயரைச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டு, அந்த வரியே இல்லாதது போல் சேவையை ரூட் (எல்லாம் செய்யக்கூடிய நிர்வாகி) அதிகாரத்தில் ஓடவிட்டது. 2017-இல் இதைப் புகாராகக் கொண்டு போனபோது, அப்படிப் பெயர் வைக்கக் கூடாது, ஆகவே இது வழு அல்ல என்று போட்டரிங் மூடினார். பெயர் செல்லாது என்பதை ஒத்துக்கொள்ளலாம். செல்லாத பெயரைக் கண்டால் சேவையைத் தொடங்க மறுப்பதை விட்டு, இருப்பதிலேயே பெரிய அதிகாரத்தைக் கையில் கொடுப்பது எப்படிச் சரியாகும்? பிறகு மறுத்து நிற்கும்படி மாற்றினார்கள். இன்னொன்று 2016 ஜனவரியில்: ரூட்டாக இருந்து எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை கொடுத்தால், தாய்ப்பலகையின் ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) மாறிகளும் அழிந்து, சில மடிக்கணினிகள் மறுபடி உயிர்பெறவே இல்லை. ரூட்டுக்கு அங்கே எழுதும் தேவை உண்டு, அதை மூட முடியாது என்றது, அந்த மாறிகளை எழுதும்படி திறந்து வைத்த சிஸ்டம்டி பக்கம். அந்த மாறிகள் அழிந்தால் கணினியே செத்துப்போகும்படி செய்த ஃபர்ம்வேர் நிறுவனங்களின் தப்பு இது என்றார்கள் வேறு சிலர். கடைசியில் கெர்னலில், முக்கியமான மாறிகளை எளிதில் அழிக்க முடியாதபடி பூட்டு போட்டார்கள். சிஸ்டம்டி, ஃபர்ம்வேர், கெர்னல் என்று மூன்று பேரும் அடுத்தவரைக் கை காட்டலாம், மூன்று பேர் சொல்வதும் ஓரளவு உண்மை. ஆனால் கணினி போனவருக்கு அந்த உண்மையால் என்ன பயன்? பூட்டைப் போட்டவர்களுக்கு என் நன்றி.

சரி, இடையில் நிற்கும் ஆள் எப்போதும் நல்லதே செய்தாரா என்றால் இல்லை. டெபியனைப் புகழ்கிற எவரும் தாண்டிப் போகக் கூடாத ஒரு கதை உண்டு. வால்கிரைண்ட் என்று ஒரு கருவி, நிரல் நினைவகத்தை ஒழுங்காகக் கையாள்கிறதா என்று சோதிக்கும். குறியாக்கத்துக்கான நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லை அதில் ஓடவிட்டால், மதிப்பு எழுதாத நினைவகத்தைப் படிக்கிறது என்று எச்சரிக்கை கொட்டும். 2006-இல் டெபியனின் பராமரிப்பாளர் அந்த எச்சரிக்கையை நிறுத்த இரண்டு வரிகளை எடுக்கலாமா என்று ஓபன்எஸ்எஸ்எல் ஆட்களிடமே கேட்டார். எதிர்ப்பு எதுவும் வரவில்லை, எடுத்துவிட்டார். எடுத்த வரிகளில் ஒன்றுதான் தற்போக்கு எண்களுக்கு விதையைக் கலக்குகிற வரி. அதற்குப் பிறகு சாவி உருவாக்கும்போது மாறிக்கொண்டிருந்த ஒரே விஷயம் செயல்முறை எண் (ஓடும் நிரலுக்குக் கெர்னல் தரும் எண்), அது அதிகபட்சம் 32,768. அதாவது டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான எஸ்எஸ்ஹெச் சாவிகளை மொத்தமாகப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிடலாம். 2008 மே 13-இல்தான் வெளியே வந்தது, கண்டுபிடித்தவர் லூசியானோ பெல்லோ. ஒன்றரை வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க அந்தப் பலவீனமான சாவிகளை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

எழுதாதவன் ஏன் கை வைத்தான் என்று ஓபன்எஸ்எஸ்எல்லின் பென் லாரி வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். கேட்டோமே, நீங்கள் தடுக்கவில்லையே என்றார்கள் இந்தப் பக்கம். எனக்கு இதில் டெபியன் மேல்தான் அதிகக் குறை. கேட்டது சரி, ஆனால் பாதுகாப்புக்கான நிரலில் ஒரு வரியை எடுக்கும்போது எதிர்ப்பு வராததையே முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் திருத்தத்தை எழுதியவர்களிடம் முறைப்படி திருப்பி அனுப்பியிருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். ஓபன்எஸ்எஸ்எல் மேலும் குறை உண்டு: அந்த வரி ஏன் இருக்கிறது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு இல்லை.

அதே வால்கிரைண்ட் 2024-இல் மறுபடி வருகிறது. டெபியனின் சிட் என்ற சோதனை நிலைப் பதிப்பில் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி கூடுதலாக எடுப்பதையும், வால்கிரைண்டில் விசித்திரமான பிழைகள் வருவதையும் கவனித்தவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். விடாமல் தோண்டினார். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பிள்ளையாகப் பங்களித்துப் பராமரிப்பு உரிமை வாங்கிய ஒரு புனைபெயர்க் கணக்கு செய்த வேலை. மார்ச் 29-இல் அறிவித்தார். பொதுமக்களுக்கான ஸ்டேபிள் பதிப்பைத் தொடவில்லை, அதற்குள் பிடிபட்டது.

இதில் டெபியனுக்கு என்ன சம்பந்தம் என்றால், ஓபன்எஸ்எஸ்ஹெச்சுக்கு எக்ஸ்இசட் தேவையே இல்லை. நான் தயாராகிவிட்டேன் என்று சிஸ்டம்டிக்கு ஒரு சேதி சொல்வதற்காக டெபியனும் வேறு சில டிஸ்ட்ரோக்களும் எஸ்எஸ்ஹெச்சில் ஒரு பேட்ச், அதாவது தங்கள் சொந்தத் திருத்தம், போட்டு சிஸ்டம்டியின் நூலகத்தை இணைத்தார்கள், அந்த நூலகம் பின்னாலேயே எக்ஸ்இசட்டையும் இழுத்து வந்தது. பின்கதவு நுழைந்த வழி அதுதான். சிஸ்டம்டியை எதிர்த்தவர்கள், பார்த்தீர்களா, அன்றே சொன்னோமே என்றார்கள். ஒரு வரிச் சேதி அனுப்ப எங்கள் நூலகமே வேண்டியதில்லை, ஒரு சாக்கெட்டில் எழுதினால் போதும் என்றார்கள் சிஸ்டம்டி தரப்பில். இரண்டுமே சரி. நடந்தது என்னவென்றால், டெபியன் அந்த இணைப்பை நீக்கிவிட்டு சேதியை நேரடியாக அனுப்பும்படி மாற்றியது, ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8-இல் அந்த வசதியை அவர்களே எழுதிச் சேர்த்தார்கள், சிஸ்டம்டியும் சுருக்க நூலகங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும்படி ஆக்கியது. முதல் நாளே எஸ்எஸ்ஹெச்காரர்களும் டெபியன்காரர்களும் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த பேட்சே இருந்திருக்காது. 2006-இலும் இதே கதைதான். தனியாக வைத்துக்கொள்ளும் பேட்ச்தான் டெபியனின் பலவீனம், இதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

ஸ்டேபிள் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு சண்டை உண்டு. வெளியீடு ஆன நாளில் எந்தப் பதிப்போ அதே பதிப்பில் நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பின்னோக்கிக் கொண்டு வந்து ஒட்டுவது டெபியன் முறை. எக்ஸ்ஸ்கிரீன்சேவர் எழுதிய ஜேமி ஜாவின்ஸ்கி, தான் எப்போதோ சரிசெய்த வழுவைப் பற்றி டெபியன் பயனாளர்கள் திரும்பத் திரும்பத் தனக்கு எழுதுவதில் நொந்துபோய், பதிப்பு பழையதானால் திரையில் எச்சரிக்கை காட்டும்படி நிரலிலேயே வைத்தார். 2016-இல் அந்த எச்சரிக்கையை எடுத்துவிடலாமா என்ற பேச்சு டெபியனில் வந்தபோது, எடுப்பதானால் என் மென்பொருளையே எடுத்துவிடுங்கள் என்றார். உரிமம் திருத்தலாம் என்கிறது, அது வேறு. தன் பெயரில் வரும் பழைய வழுவுக்கு நாள்தோறும் பதில் சொல்கிறவரின் வலியை டெபியன் பக்கம் பலர் புரிந்துகொள்ளவில்லை. பழையது என்றால் அசையாதது, ஆகவே நம்பகமானது என்று நாம் நினைக்கிறோம், எழுதியவருக்கு அது திருத்தம் போய்ச் சேராத இடம். சர்வருக்கு எனக்கு ஸ்டேபிள்தான் வேண்டும். டெஸ்க்டாப்பில் பிரவுசர் தவிர மற்றவை இரண்டு வருடப் பழையதாகப் போவது உங்களுக்கு உறுத்தும் என்றால் டெபியன் உங்களுக்கு இல்லை, அல்லது புதிய பதிப்புகளை ஸ்டேபிளுக்குக் கட்டித் தரும் பேக்போர்ட்ஸைப் பழகிக்கொள்ளுங்கள்.

எதிர்த் திசையிலும் அதே இழுபறி வரும். பிகேஷ்எஃப்எஸ் கோப்பு முறைக்கான கருவிகளில் ரஸ்ட் மொழியில் எழுதிய நிரல்கள் உண்டு. எழுதியவர் சோதித்த அதே நூலகப் பதிப்புகளை உள்ளேயே வைத்துக் கட்ட வேண்டும் என்பது அவர் பக்கம், டெபியனில் இருக்கும் பொது நூலகத்தோடுதான் கட்ட வேண்டும் என்பது இவர்கள் விதி. 2024-இல் அதை டெபியனில் பராமரித்தவர் முடியாது என்று பேக்கேஜை அநாதையாக விட்டுவிட்டார். ஒரு நூலகத்தில் ஓட்டை வந்தால் ஒரே இடத்தில் அடைக்கலாம் என்ற டெபியன் விதி எனக்குப் பிடிக்கும், ஆனால் தரவு அழிந்தால் திரும்ப வராத கோப்பு முறை மாதிரி இடத்தில் எழுதியவர் சோதிக்காத கலவையைக் கொடுப்பது பயமாக இருக்கிறது.

பயனாளராக எனக்கு மிகப் பெரிய நிம்மதி தந்த முடிவு 2022-இல் வந்தது. வைஃபை, கிராபிக்ஸ் அட்டைகளுக்கான மூடிய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் வைக்க மாட்டோம் என்று டெபியன் பிடிவாதமாக இருந்த காலம் உண்டு. சுதந்திர மென்பொருள் என்ற கொள்கை. அதனால் புதிதாக வருகிறவர், வைஃபை இல்லாமல் இன்ஸ்டாலரில் பாதியில் நின்று, வேறு கணினியில் ஃபர்ம்வேர் தேடிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வர வேண்டும். நான் எத்தனை பேருக்கு இதை உட்கார்ந்து செய்து கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. பொதுத் தீர்மானம் வந்து, டெபியனின் அடிப்படைக் கொள்கை ஆவணமான சமூக ஒப்பந்தத்தின் வாசகத்தையே திருத்தி, ஃபர்ம்வேரோடு ஒரே இன்ஸ்டாலர் என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. கொள்கைக்காரர்கள் தோற்றார்கள், அவர்கள் சொன்னதும் பொய்யில்லை: உள்ளே என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாத துண்டு அது. ஆனால் அதற்குத் தனிப் பிரிவு வைத்து, எது ஏறியது என்று இன்ஸ்டாலர் சொல்லி, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று செய்திருப்பது எனக்குச் சரியான இடமாகப் படுகிறது.

வழுப் புகார் அமைப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் நிறைவாகாது. எல்லாம் மின்னஞ்சல். பக்கத்தைத் திறந்தால் தொண்ணூறுகளில் செய்தது போல இருக்கும். கணக்கு தொடங்க வேண்டாம், பொத்தான்கள் கிடையாது, ரிப்போர்ட்பக் என்ற கட்டளை கேள்வி கேட்டுக் கேட்டு அஞ்சலை எழுதித் தரும். 2021-இல் பத்து லட்சமாவது எண்ணைத் தாண்டியது. புதியவர்கள் மிரண்டு ஓடுகிறார்கள், இதை நவீனமாக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் சொல்வது நியாயம். ஆனாலும் பதினைந்து வருடம் முன்னால் போட்ட எண்ணைக் கொடுத்தால் இன்றும் அதே பக்கம் திறக்கிறது. புகாரின் தீவிரத்தை விருப்பம் என்பதிலிருந்து அபாயம் வரைக்கும் தரம் பிரித்திருக்கிறார்கள், மேல் மூன்று தரத்தில் ஒன்று திறந்திருந்தால் அந்த பேக்கேஜ் அடுத்த ஸ்டேபிளுக்குள் போக முடியாது. இது வழுவா இல்லையா என்று பராமரிப்பாளரும் புகார் கொடுத்தவரும் அடித்துக்கொண்டால் தொழில்நுட்பக் குழுவுக்குக் கொண்டு போகலாம். பராமரிப்பாளர் மூடிவிட்டார், கதை முடிந்தது என்ற நிலை இங்கே இல்லை. பெரிய நிறுவனங்களின் பொருள்களில் புகார் எழுதி, ஒரு தானியங்கிப் பதிலோடு மூடப்பட்டதைப் பார்த்து நொந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்த சண்டை ஏற்கெனவே வந்துவிட்டது. 2025 அக்டோபர் கடைசியில் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட்டைப் பராமரிக்கும் ஜூலியன் ஆண்ட்ரெஸ் க்ளோடே, ஆப்ட்டுக்கு ரஸ்ட் கட்டாயம் ஆகும், ஆனால் 2026 மே மாதத்துக்கு முன்னால் அல்ல என்று அறிவித்தார். பேக்கேஜ் வரும் டெப் கோப்பைப் பிரிப்பது, கையொப்பம் சரிபார்ப்பது போன்ற இடங்களில் நினைவகப் பிழைகள் வராத மொழி வேண்டும் என்கிறார். இந்தக் காரணம் எனக்கு முழுதாக ஒப்புதல், வெளியிலிருந்து வரும் கோப்பை ரூட் அதிகாரத்தில் திறக்கிற நிரல் அது. ஆனால் ரஸ்ட் ஓடாத பழைய கட்டமைப்புகளை, எம்68கே, ஆல்ஃபா, ஹெச்பி பிஏ-ரிஸ்க் போன்றவற்றை, சம்பளம் இல்லாமல் தங்கள் வார இறுதிகளைக் கொடுத்து உயிரோடு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆறு மாதக் கெடு. முடிவு சரியாக இருக்கலாம், முதலில் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். மேலே சொன்ன கதைகளில் எல்லாம் மனிதர்கள் விலகிப் போனது தோற்றதால் மட்டும் இல்லை, கேட்கப்படாததாலும்தான்.

யாருக்கு நான் இதைப் பரிந்துரைப்பேன்? சர்வர் வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். மூன்று வருடம் முழு ஆதரவு, அதன் மேல் இரண்டு வருடம் நீட்டிப்பு. மாணவர்களுக்கு, இயங்குதளம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. நேற்று வந்த கிராபிக்ஸ் அட்டையில் இன்று விளையாட வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பாருங்கள். சிஸ்டம்டி இல்லாமல் வேண்டும் என்பவர்களுக்கு டெவுவான் இன்னும் உயிரோடு இருக்கிறது. டெபியன் பேக்கேஜ்களைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே பிரிந்து போன பின்னும் சாப்பாடு ஒரே அடுப்பில்தான். பத்துக்கு எட்டரை கொடுப்பேன், ஒன்றரை அந்தத் தனி பேட்ச்களுக்காகக் குறைத்தது.

டெபியன் 12-இலிருந்து மேம்படுத்துவதாக இருந்தால், ஆப்ட் கட்டளையைத் தட்டுவதற்கு முன்னால் வெளியீட்டுக் குறிப்புகளின் ஐந்தாவது அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள், கவனிக்க வேண்டியவை என்று இருக்கும். டெம்ப் பற்றிய பத்தியும் அங்கேதான். டெம்ப் வட்டிலேயே இருக்க வேண்டும் என்றால் டெம்ப் மவுண்ட்டை மாஸ்க் பண்ணிவிட்டு மறுபடி பூட் பண்ணினால் போதும். நான் சர்வரில் அப்படிச் செய்துவிட்டேன், மடிக்கணினியில் புதிய முறையிலேயே விட்டிருக்கிறேன்.